கீழ்வீட்டுக்குள் ஏறும் தெருச் சாக்கடை

கீழ்த்தளத்து வீட்டுக்குள் சாக்கடை நீர் ஏறும்போது பெரும்பாலும் அது முதலில் தலைகாட்டுவது குளியலறையில்தான். வெஸ்டர்ன் டாய்லெட்டின் விளிம்பு தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் இருக்கும். கைகழுவும் தொட்டி இன்னும் உயரத்தில் இருக்கும். குளியலறைத் தரையில் நீர் போகும் ஜாலி மூடிதான் வீட்டுத் திறப்புகளிலேயே தாழ்ந்தது. முதலில் அதன் வழியே ‘குளுக் குளுக்’ என்று காற்று கிளம்பும் சத்தம் கேட்கும். பிறகு கறுப்பு நீர் மெல்லப் பரவும். வீட்டுக்காரர் பதறிப்போய்க் குழாய்களை மூடுவார், பிளம்பருக்குப் போன் போடுவார். நீர் நிற்காது. அது அந்த வீட்டு நீரே இல்லை. மேல்மாடியில் யாரோ குளிக்கிறார்கள், எதிர்வரிசையில் யாரோ துணி துவைக்கிறார்கள். தெருவுக்கு அடியில் எங்கோ ஒரு குழாய் உடைந்து கிடக்கிறது.

கொத்தனார்கள் மட்டம் பார்க்க நீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் ட்யூபைப் பயன்படுத்துவார்கள். ஒரு முனையில் நீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ, மறுமுனையிலும் அதே உயரத்தில்தான் நிற்கும். தெருச் சாக்கடையும் வீட்டுக் குழாயும் சேர்ந்தால் அப்படி ஒரு ட்யூப்தான். வழக்கமான நாட்களில் கழிவுநீர் சரிவில் இறங்கி ஓடிவிடுவதால் இது தெரிவதில்லை. கீழே எங்காவது வழி அடைபட்டால் தெருக் குழாய் நிரம்பி, மேன்ஹோலில் நீர் ஏறத் தொடங்கும். அது ஏறும் உயரத்துக்கு வீட்டுக் குழாயிலும் ஏறும். வீட்டுத் தரை மேன்ஹோல் மூடியைவிட உயரமாக இருந்தால் கழிவுநீர் தெருவிலேயே பொங்கி வழிந்துவிடும். நாற்றத்தைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும், வீடு தப்பிக்கும். தரை தாழ்ந்திருந்தால் தெருவுக்கே அந்த வீடுதான் வடிகால்.

சென்னையின் பழைய குடியிருப்புகளில் இப்படித் தாழ்ந்துபோன வீடுகள் ஏராளம். அவை கட்டும்போது தாழ்ந்திருக்கவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டுத் தெரு ஏறிவிட்டது. மேன்ஹோல் மூடியையும் சாலை மட்டத்துக்கு உயர்த்திவிடுகிறார்கள். மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது இரண்டு படி இறங்கி நுழைகிறார்கள். 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டதற்கு இந்த வீடுகள்தான் காரணம். ஆனால் அதற்கு முன்பே ஏறிவிட்ட தெருக்கள் இறங்கிவிடவில்லை.

சாக்கடைக் குழாய் உடைவது எப்படி? பெரிய அளவில் நடந்த ஒரு விபத்தைப் பார்த்தால் சின்னத் தெருவில் நடப்பதும் விளங்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டி ஃப்ரேசர் என்ற சிறு ஊர் இருக்கிறது. 2016 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். விடியற்காலையில் ஒரு வீட்டின் சுவர்கள் முறியும் சத்தம் கேட்டு அங்கிருந்தவர்கள் வெளியே ஓடிவந்தார்கள். வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ‘15 மைல் ரோடு’ என்ற பிரதான சாலையின் அடியில், ஏறத்தாழ 60 அடி ஆழத்தில், 11 அடி விட்டமுள்ள கழிவுநீர்க் குழாய் நொறுங்கிவிட்டிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளைக் காலி செய்தார்கள். மூன்று வீடுகள் குடியிருக்கத் தகாதவை என்று அறிவிக்கப்பட்டன. இலட்சக்கணக்கானோரின் கழிவு அந்த ஒரே குழாயில்தான் போய்க்கொண்டிருந்தது. அது நின்றால் சுற்று வட்டாரமெங்கும் வீடுகளின் நிலத்தடி அறைகளில் சாக்கடை ஏறும் என்ற அச்சத்தில், மக்களைத் தண்ணீர்ச் செலவைக் குறைக்கச் சொல்லிவிட்டு, இராட்சத பம்புகளை வைத்து உடைப்பைச் சுற்றி மாற்றுவழி அமைத்தார்கள். பழுதுபார்க்க ஏறத்தாழ ஓராண்டும் 7 கோடி டாலருக்கு மேலும் ஆயின. இதே பெருங்குழாய் 2004-இலும், அதே சாலையில் சற்றுத் தள்ளி, ஒருமுறை இடிந்திருந்தது.

அந்தக் குழாய் ஒரே இரவில் உடைந்ததல்ல. நீரேற்று நிலையத்தில் தேங்கிய கழிவுநீரை மெதுவாக விடாமல் திடீரென்று திறந்துவிட்டதில் எழுந்த அழுத்தம் குழாயில் விரிசல் விழச் செய்தது என்று பின்னால் நடந்த ஆய்வு சொன்னது. விரிசல் மெல்லியதாக இருந்தாலும் போதும். நிலத்தடி நீர் அதன் வழியே குழாய்க்குள் கசியும். கசியும்போது சுற்றியுள்ள நுண்மணலையும் இழுத்து வரும். மணலைக் கழிவுநீர் அடித்துக்கொண்டு போய்விடும். குழாயின் வெளிப்புறத்தில் மண் இருந்த இடம் வெற்றிடமாகும். பிடிமானம் போன குழாய் மேலும் விரியும், மேலும் மணல் உள்ளே வரும். மேலே சாலை ஒழுங்காகத்தான் தெரியும். சென்னையில் ஒரு மழைக்குப் பிறகு சாலை நடுவே ‘திடீர்ப் பள்ளம்’ என்று செய்தி வரும்போது, பல நேரம் அதன் அடியில் இருப்பது நெடுநாள் கசிந்த ஒரு பழைய குழாய்தான். திடீரென்று நடந்தது பள்ளம் மட்டுமே. அதற்கான வேலை ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கும்.

கான்கிரீட் குழாய்க்கு இன்னொரு எதிரி உள்ளிருந்தே வருகிறது. தேங்கிய கழிவில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. வாயு மேலெழும்பிக் குழாயின் ஈரமான உட்கூரையில் படியும். அங்கே வேறு வகை நுண்ணுயிரிகள் அதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும். அமிலம் கான்கிரீட்டை அரித்து, விரலால் வழித்தெடுக்கும் அளவுக்கு மென்மையான மாவாக ஆக்கிவிடும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரச் சாக்கடைகள் ஏன் இப்படி அரிபடுகின்றன என்று தேடிய சி. டி. பார்க்கர் 1945-இல் இந்த அமில நுண்ணுயிரியைக் கண்டறிந்து வெளியிட்டார். கழிவுநீர் நாள் முழுக்க உரசிக்கொண்டு ஓடும் அடிப்பாகம் நன்றாக இருக்கும். நீரே படாத மேற்பாகம் உளுத்துப்போயிருக்கும். மேலிருந்து லாரியின் எடை இறங்குவதும் அந்த மேற்பாகத்தின் மீதுதான். வெப்பம் கூடினால் இந்த வேலை விரைவுபடும் என்பதால், குளிர்நாட்டுக் குழாயைவிட நம் ஊர்க் குழாய் சீக்கிரம் அரிபடும்.

பழைய தெருக்களில் பதித்த ஸ்டோன்வேர் குழாய்களை, அதாவது சுட்ட களிமண் குழாய்களை, அமிலம் தொடாது. அவற்றின் பலவீனம் இணைப்புகளில். ஒரு குழாயின் வாயில் அடுத்த குழாயைச் செருகிச் சிமென்ட் பூசிய அந்த இடங்கள், மண் சற்றே அமிழ்ந்தாலும் விலகிவிடும். விலகிய இடுக்கில் கசியும் ஈரத்தைத் தேடி மரவேர் நுழையும். முதலில் மயிரிழை போல நுழைந்த வேர் உள்ளே கொழுத்துச் சடையாய் வளரும். துணி, முடி, நாப்கின், சமையல் எண்ணெய்க் கசடு எல்லாம் அதில் சிக்கும். கழிவைத் தங்கவிடாமல் அடித்துச் செல்ல நீர் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வேகத்திலாவது ஓட வேண்டும் என்று பொறியாளர்கள் கணக்கிடுவார்கள். குழாய் ஓரிடத்தில் தொய்ந்தாலே அந்த வேகம் போய்விடும். பிறகு மண்டி படியும், படிந்த மண்டியில் வாயு கிளம்பும்; கான்கிரீட் குழாயென்றால் பார்க்கர் சொன்ன கதையும் தொடங்கிவிடும்.

சென்னை தட்டையான ஊர். கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் நிலத்தில் கழிவுநீரைச் சரிவிலேயே கடைசிவரை ஓட்டிவிட முடியாது. அதனால் ஒவ்வொரு பகுதியின் கழிவும் முதலில் ஒரு நீரேற்று நிலையத்தின் ஆழ்கிணற்றில் வந்து விழும். அங்கிருந்து பம்புகள் தூக்கி, கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பும். நகரில் இத்தகைய நீரேற்று நிலையங்கள் இருநூறுக்கு மேல். ஒரு நிலையத்தில் பம்பு நின்றுபோனால் அந்தக் கிணறு நிரம்பி, அதற்கு வரும் குழாய்கள் அனைத்தும் பின்னோக்கி நிரம்பத் தொடங்கும். எனவே குளியலறையில் ஏறும் நீரின் காரணம் வாசலில் இருக்கலாம், இரண்டு கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம்.

மழைக்காலத்தில் சிக்கல் இரட்டிப்பாகும். சென்னையில் மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் தனித்தனி அமைப்புகள். சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவின் அளவுக்கு மட்டுமே கணக்கிட்டுப் பதித்தது. ஆனால் மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடைச் சேம்பருக்குள் திருப்பிவிட்ட கட்டடங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வெள்ளம் தேங்கினால், வடியட்டும் என்று மேன்ஹோல் மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்துவிடுவோரும் உண்டு. அவர்கள் தங்கள் வாசலிலிருந்து வடியவிட்ட நீர் வேறு யாரோ ஒருவரின் குளியலறையில் எழும்புகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னையின் தாழ்ந்த பகுதிகளில் நாட்கணக்கில் நின்றது வெறும் மழைநீரல்ல, சாக்கடை கலந்த நீர்.

வீட்டுக்குள் ஏறும் இந்த நீரை ஓர் அசுத்தம் என்ற அளவில் மட்டும் பார்ப்பது ஆபத்து. பழுதான கழிவுக்குழாய் ஒரு கட்டடத்தை என்ன செய்யும் என்பதற்கு மிகக் கொடிய சான்று ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பு. 2003 மார்ச் மாதம், சார்ஸ் தொற்றோடு வயிற்றுப்போக்கும் இருந்த ஒருவர் அங்கே ‘ஈ’ பிளாக்கிலுள்ள உறவினர் வீட்டுக்கு வந்து கழிப்பறையைப் பயன்படுத்தினார். அடுத்த சில வாரங்களில் அந்தக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஆய்வாளர்கள் குழாய்களைத் தேடிப் போனார்கள். குளியலறைத் தரையின் கீழே ‘யு’ வடிவில் வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அந்த வளைவில் எப்போதும் சிறிது நீர் நின்று, சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கும். அங்கே பலர் தரையைத் துடைத்துவந்தார்களே தவிரத் தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. வளைவிலிருந்த நீர் வற்றிவிட்டது. குளியலறை மின்விசிறியை ஓடவிட்டதும் பொதுக் கழிவுக்குழாயிலிருந்து கிருமி கலந்த நுண்துளிகள் வீட்டுக்குள் இழுக்கப்பட்டன. அந்த பிளாக்கின் காற்றுப்போக்கிக் குழாய் ஒன்றில் விரிசலும் இருந்ததாக அரசின் விசாரணை கண்டது.

நீர்ப்பூட்டு என்ற இந்த ஏற்பாடு புதிதல்ல. அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரத் தொழிலாளர் வளைகுழாய் வைத்த கழிப்பறைக்கு 1775-இலேயே காப்புரிமை பெற்றார். நம் வீடுகளில் பிளம்பர்கள் ‘நஹானி டிராப்’ என்று சொல்லிப் பொருத்துவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. பூட்டிக் கிடக்கும் அறையின் குளியலறையிலும் வாரம் ஒரு குவளை நீர் ஊற்றி வைத்தால் போதும், அந்தப் பூட்டு வற்றாது.

இழப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. இலண்டனின் புறநகரான ஸ்டான்மோரில் ஒருவரின் வீடும் தோட்டமும் 1992 முதல் மீண்டும் மீண்டும் சாக்கடை வெள்ளத்தில் மூழ்கின. 1930-களில் பதித்த குழாய்க்கு, பிறகு பெருகிய வீடுகளின் கழிவைத் தாங்கும் திறன் இல்லை. அவர் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். ஆனால் 2003 டிசம்பரில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் அவை அதை மாற்றித் தீர்ப்பளித்தது: எந்தத் தெருவின் குழாயை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுக்கச் சட்டம் தனி ஒழுங்குமுறை அமைப்பை வைத்திருக்கிறது, அதைத் தாண்டி நீதிமன்றம் உத்தரவிடக் கூடாது என்றது. ஆண்டுக்கணக்கில் சாக்கடையில் நின்றவரை இன்னொரு வரிசையில் போய் நிற்கச் சொன்ன தீர்ப்பு அது.

இதற்கு இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் வந்த தீர்ப்பு வேறு மாதிரி. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில், தெருவில் ஓடிய சாக்கடையையும் சாராய ஆலைக் கழிவையும் எதிர்த்து மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். வடிகால் கட்டப் பணமில்லை என்றது நகராட்சி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1980 ஜூலையில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, பணமில்லை என்பதைச் சாக்காகச் சொல்லி நகராட்சி தன் அடிப்படைக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று சொல்லி, வேலையை முடிக்கக் காலக்கெடுவும் விதித்தது. தெருச் சாக்கடையால் வீடு பாழாகும் எந்த இந்தியக் குடும்பத்துக்கும் இந்தத் தீர்ப்பு துணை நிற்கும். இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

நீர் ஏறும் அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. கட்டடத்தில் யாரும் குழாயைத் திறக்கவோ ஃப்ளஷ் செய்யவோ கூடாது. அடுக்குமாடியில் மேல்தளத்தாருக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நீர் பிளக் பாயின்ட்டை நெருங்குமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்; தரை ஏற்கெனவே நனைந்திருந்தால் சுவிட்ச் அருகே போகாமல் எலெக்ட்ரீஷியனை அழைப்பதே சரி. பிறகு, காம்பவுண்டுக்குள் தெருவை ஒட்டியிருக்கும் கடைசிச் சேம்பரின் மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்குள், பிளம்பர் போதும். நிரம்பி நின்றால் சிக்கல் தெருவில். சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் பதிய வேண்டும். அடைப்பை நீர்ப்பீச்சலால் உடைக்கும் ஜெட் ராடிங் வண்டியும் மண்டியை உறிஞ்சும் வண்டியும் வாரியத்திடம் இருக்கின்றன.

வண்டி வரத் தாமதமாகிறது என்று, ஒரு ஆளைப் பிடித்துச் சில நூறு ரூபாய் கொடுத்துக் குழிக்குள் இறக்குவது இன்றும் நடக்கிறது. இதைவிடப் பெரிய குற்றம் இந்த விஷயத்தில் வேறில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடின் நாற்றம் குறைந்த அளவில்தான் மூக்குக்குத் தெரியும். அது 100 பி.பி.எம். அளவுக்கு ஏறினால் சில நிமிடங்களில் மோப்ப உணர்வே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவர் இரண்டே மூச்சில் சரிந்துவிடுகிறார். தூக்கப் போகிறவரும் கூடவே போகிறார். பாதுகாப்பு ஏற்பாடின்றி ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்குவோருக்கு, முதல் முறையே இரண்டாண்டு வரை சிறையோ இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டு உரிமையாளரும் குடியிருப்போர் சங்கமும் இதற்கு விலக்கல்ல. இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு தந்த கணக்குகளில் இந்த மரணங்கள் அதிகம் நடந்த மாநிலமாகத் தமிழ்நாடு இருந்திருக்கிறது. சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்யக் கேரளப் பொறியியல் மாணவர்கள் உருவாக்கிய ‘பேண்டிகூட்’ ரோபோ 2018-இலேயே கும்பகோணம் வரை வந்துவிட்ட பிறகும் ஆட்களை இறக்குவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

நீர் வடிந்தபின் தரையைச் சோப்பு நீராலும் பிறகு பிளீச்சிங் கரைசலாலும் கழுவ வேண்டும். கையுறையும் ரப்பர் செருப்பும் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. காலில் சின்னக் கீறல் இருந்தாலே எலிக்காய்ச்சல் கிருமிக்குப் போதும். நனைந்த மெத்தையையும் தலையணையையும் காயவைத்துப் பயனில்லை. பலரும் மறந்துவிடுவது தரைக்கடியில் இருக்கும் குடிநீர்ச் சம்ப்பை. அதன் மூடி தரை மட்டத்தில்தான் இருக்கும். வீட்டுக்குள் ஏறிய நீர் அதிலும் இறங்கியிருக்கும். சம்ப் நீர் மோட்டார் வழியே மேல்தொட்டிக்குப் போய்விட்டால் மூன்றாம் மாடிக்காரரும் அதையே குடிப்பார். மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் ஒரு கட்டடம் முழுவதும் பரவுவது இப்படித்தான். மோட்டாரை நிறுத்தி, சம்ப்பைக் காலி செய்து, தேய்த்துக் கழுவிக் குளோரின் போட்ட பிறகே மறுபடி நிரப்ப வேண்டும்.

திரும்ப வராமல் தடுக்க, வெளிக்குழாயில் எதிரோட்டத்தைத் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு பொருத்தலாம். தனி வீட்டுக்கு அது நல்ல காவல். அடுக்குமாடியில் மட்டும் ஒரு கண்ணி உண்டு: வால்வு மூடியிருக்கும்போது மேல்மாடிக் கழிவு வெளியேற வழியின்றிக் கீழ்வீட்டில் பொங்கும். கீழ்த்தளத்துக்குத் தனிக் குழாயைச் சேம்பர் வரை கொண்டுபோய், அதில் மட்டும் வால்வை வைப்பதே சரியான முறை. கட்டும்போதே செய்தால் செலவு சொற்பம்.

உடைந்தது தெருக் குழாய் என்றால், சாலையைத் தோண்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. 1971-இல் இலண்டனின் ஹாக்னி பகுதியில் எரிக் வுட் என்ற பொறியாளர், பிசினில் ஊறிய துணிக் குழல் ஒன்றைப் பழைய செங்கல் சாக்கடைக்குள் செலுத்தி, அங்கேயே கெட்டிப்படச் செய்தார். பழைய குழாய்க்குள் புதுக் குழாய் உருவாயிற்று. இன்று உலகெங்கும் இந்த முறை இருக்கிறது. ஆனால் எந்தச் சிகிச்சைக்கும் முன் உடைப்பு எங்கே என்று தெரிய வேண்டும். அதற்குக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். ஜெட் வண்டி அடைப்பை எடுத்துவிட்டுப் போகும், விரிசல் அப்படியே இருக்கும். ஒரே தெருவில் ஒரே இடம் ஓராண்டுக்குள் மூன்றாவது முறை அடைத்துக்கொண்டால் அது உடைந்த குழாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது குடியிருப்போர் சேர்ந்து கேமரா ஆய்வு வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, பழைய புகார் எண்களையும் தேதிகளையும் அதில் வரிசையாகக் குறிப்பிட்டு, மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.